தமிழ் மின்வாசிப்பானில் வடிவமைக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் தயாரிப்பு வடிவமைப்பு இறுதியாண்டு படிக்கிறீர்கள். தமிழ் வாசகர்களுக்கென்று ஒரு மின்வாசிப்பான், அதாவது மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி, செய்வதைப் புராஜெக்டாக எடுத்துக்கொள்ள ஆசை. உங்கள் பேராசிரியரோ, "அமேசானின் கிண்டில் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எல்லோரும் போனில்தான் படிக்கிறார்கள், இதில் புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது" என்கிறார். அவர் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கையில் பிடிக்கும் பொருளில் வேலை மிச்சம் இருக்கிறதா என்பது ஒன்று. அந்தப் பொருளுக்குள் தெரியும் பக்கத்தில் வேலை மிச்சம் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதில் உங்கள் பேராசிரியர் சொல்வது முக்கால்வாசி சரி. இரண்டாவதில், தமிழைப் பொறுத்தவரை, வேலை பாதிகூட முடியவில்லை. அதனால் புராஜெக்டைக் கைவிடாதீர்கள், ஆனால் எதை வடிவமைக்கப் போகிறீர்கள் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் படித்தது தொழில்துறை வடிவமைப்பு. பிளாஸ்டிக் உறை, பொத்தான், பிடிமானம் என்று தொடங்கி, அப்புறம் திரைக்குள் நுழைந்து, பல வருஷமாகத் தமிழ் எழுத்து திரையில் எப்படி அமர்கிறது என்பதே முழுநேர வேலையாகிவிட்டது. கண் மருத்துவம் என் துறை இல்லை. யாருக்காவது கண்ணழுத்தமோ விழித்திரைக் கோளாறோ இருந்தால் கீழே நான் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மின்வாசிப்பானின் உயிர் அதன் திரைதான். மின்மை என்கிற இ-இங்க், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் ஆய்விலிருந்து 1997-இல் ஒரு நிறுவனமாக வெளியே வந்தது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய குமிழ்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குமிழிலும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு ஒரு திரவத்தில் மிதக்கும். மின்புலத்தை ஒரு பக்கம் மாற்றினால் வெள்ளை மேலே வரும், மறுபக்கம் மாற்றினால் கறுப்பு மேலே வரும். வந்த துகள் அங்கேயே நின்றுவிடும். பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகும், பக்கத்தைக் காட்டிக்கொண்டே இருக்கச் செலவாகாது. பேட்டரி வாரக்கணக்கில் தாங்குவதற்குக் காரணம் இதுதான். திரை தானாக ஒளிர்வதில்லை, வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மெரினாவில் மதியம் மூன்று மணி வெயிலில் போனில் ஒரு வரி படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். இதில் வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் தெளிவாகும். இவையெல்லாம் உறுதியானவை, இயற்பியல் சார்ந்தவை, விவாதத்துக்கு இடமில்லை.

2004-இல் சோனி ஜப்பானில் லிப்ரியே என்ற கருவியை இந்தத் திரையோடு விற்றது. திரை நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் வாங்கிய புத்தகம் அறுபது நாளில் காலாவதியாகிவிடும். கருவி எடுபடவில்லை. 2007 நவம்பரில் 399 டாலர் விலையில் வந்த முதல் கிண்டில், பார்வைக்கு லிப்ரியேவைவிட அழகானதென்று யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்பு வடிவம், கீழே விசைப்பலகை, இரு ஓரங்களிலும் நீளமான பொத்தான்கள். எடுத்து வைக்கும்போதே விரல் பட்டுப் பக்கம் புரண்டுவிடும். ஆனாலும் கம்ப்யூட்டர் இல்லாமல், கம்பியில்லா இணைப்பில் நேரடியாகப் புத்தகம் உள்ளே வந்து விழுந்தது. வாசகரும் புத்தகமும் சந்திக்கும் வழியைச் சரிசெய்தவர்கள் ஜெயித்தார்கள். தயாரிப்பு வடிவமைப்பு படிப்பவர்கள் இந்த இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் யோசிக்க வேண்டும். உறையின் வளைவுக்காக மாதக்கணக்கில் களிமண்ணில் மாதிரி செய்கிறோம், ஆனால் பொருளின் விதியை எழுதுவது பெரும்பாலும் உறைக்கு வெளியே இருக்கிறது.

அதன்பின் நடந்ததெல்லாம் மெருகேற்றல்தான். முதல் கிண்டில் 292 கிராம், 2022-இல் வந்த அடிப்படை மாடல் 158 கிராம். ஓர் அங்குலத்துக்கு 167 பிக்சல் இருந்த திரை 300 பிக்சலுக்கு வந்துவிட்டது. தமிழுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பத்து பாயின்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பழைய திரையில் ஏறத்தாழ இரண்டு பிக்சல்தான் கிடைக்கும், புதிய திரையில் நான்கு கிடைக்கும். இரண்டு பிக்சலில் வைத்தால் அது புள்ளியா தூசியா என்று கண் ஒரு கணம் தயங்கும். 2012-இல் கிண்டில் பேப்பர்ஒயிட் மாடலில் முன்விளக்கு வந்தது. ஓரத்தில் இருக்கும் சிறு எல்.இ.டி.களின் வெளிச்சத்தை ஒரு மெல்லிய தகடு திரை முழுக்கப் பரப்பி, மேலிருந்து உள்நோக்கி அனுப்பும். வண்ண மின்மையும் வந்துவிட்டது. அதில் கெலைடோ வகை, கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ண வடிகட்டியைப் போர்த்துகிறது. அதனால் வண்ணம் 150 பிக்சலில்தான் தெரியும், திரையும் சற்று மங்கும். குழந்தைகள் புத்தகத்துக்குப் பரவாயில்லை, நாவல் படிப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருளில் கால்வாசி வேலை மிச்சம் இருக்கிறது என்றேனே, அது கை சம்பந்தப்பட்டது. கடற்கரை - தாம்பரம் மின்ரயிலில் சாயங்கால நேரம் நின்றுகொண்டே படிப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கை மேலே பிடியில், தோளில் பை, மறுகையில் மின்வாசிப்பான். தொடுதிரையில் அடுத்த பக்கம் போகக் கட்டைவிரலை விளிம்பிலிருந்து எடுத்துத் திரையின் நடுப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அந்தக் கணத்தில் கருவியை நான்கு விரல்தான் தாங்குகிறது. வண்டி கிண்டி வளைவில் குலுங்கியது. அவர் பக்கம் திருப்புவதையே நிறுத்திவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம் திருப்பினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் இதே கதை. ஓரத்தில் அழுத்தும் பொத்தான் இருந்திருந்தால் பிடியை மாற்றாமலே படித்திருப்பார். 2016-இல் வந்த கிண்டில் ஒயாசிஸ் மாடல் இதைச் சரியாகச் செய்தது. எடையை ஒரு பக்கம் குவித்து, அங்கேயே பொத்தானையும் வைத்தது. அந்த வரிசையை இப்போது நிறுத்திவிட்டார்கள். கோபோ நிறுவனம் லிப்ரா வரிசையில் அந்த வடிவத்தைத் தொடர்கிறது. இதோடு நம்மூர் வியர்வையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஈரமான விரல் தொடுதிரையை ஏமாற்றும், இரண்டு பக்கம் சேர்ந்து புரளும் அல்லது புரளவே புரளாது. ஏசி அறையில் சோதித்த கருவிக்கு இது தெரியாது. மழைத்துளி விழுந்தாலும் அப்படித்தான். சென்னைக்காக ஒரு வாசிப்புக் கருவி செய்தால் அழுத்தும் பொத்தானும் வழுக்காத பின்புறமும் கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இனி பக்கத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்து ஒவ்வொரு வாசிப்புக் கருவியோடும் தன்னை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியபோது பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. ஓலை கிழிந்துவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதனால் மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவரே இடம் பார்த்து முடிவு செய்தார். அச்சு வந்தபின் மெல்ல மெல்லப் புள்ளி நிலைத்தது, சொற்களுக்கு நடுவே இடைவெளி வந்தது. 1978-இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் போய் இப்போதுள்ள வடிவங்கள் வந்தன. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் தனி எழுத்து வடிவங்களின் எண்ணிக்கை குறைந்தது. அதாவது கருவிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒவ்வொரு காலத்திலும் யாரோ உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். மின்வாசிப்பானுக்கு அந்த வேலை இன்னும் முடியவில்லை. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் அதிகாரபூர்வமாக வந்தன. எழுத்து தெரிகிறது, உண்மை. ஆனால் எழுத்து தெரிவது வேறு, பக்கம் அமைவது வேறு.

வரி முறிவையே எடுத்துக்கொள்வோம். ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர். ஓரம் விட்டால் எட்டுதான் மிஞ்சும். வயதானவர் ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும். நம் சொற்களோ நீளமானவை. 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரே சொல் வரியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். மென்பொருள் சொல்லை உடைக்கத் தெரியாமல் அதை முழுசாக அடுத்த வரிக்குத் தள்ளும். இரு ஓரமும் நேராக நிற்க வேண்டுமென்று முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களை இழுத்துப் பரப்பும். நடுவில் பெரிய ஓட்டை. நாலைந்து வரியில் இப்படி நடந்தால் பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கால்வாய் ஓடும், கண் வரியை விட்டு அதில் வழுக்கும்.

இதற்கான தீர்வை நம் அச்சுக்கூடங்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. எந்தத் தமிழ் நாளிதழையும் விரித்துப் பாருங்கள். குறுகிய பத்திகளில் சொல்லை எழுத்தெல்லையில் உடைத்து, இணைப்புக்கோடு எதுவும் போடாமல், அடுத்த வரியில் தொடர்கிறார்கள். படிப்பவர் யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் எங்கே வேண்டுமானாலும் உடைக்க முடியாது. மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் வாழ்நாள் முழுக்க மெய்ப்புப் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம், நாங்கள் செய்த மாதிரிப் பக்கங்களைக் காட்டினேன். கதையைப் படிக்கவே இல்லை. பேனா முனையை இடது ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றது. "தம்பி, வரி புள்ளி எழுத்துல ஆரம்பிக்குது பாருங்க. 'ட்' தனியா வந்து நிக்குது. இதை மேல் வரியோட சேர்த்துடணும், இடம் இல்லேன்னா முந்தின எழுத்தையும் கீழே கொண்டு வந்துடணும்" என்றார். கொஞ்சம் கீழே போய் இன்னோர் இடம். சொல்லின் கடைசி எழுத்து ஒன்று மட்டும் தனியாக வரியின் தலையில் உட்கார்ந்திருந்தது. அதையும் வட்டமிட்டார். "சார், வாசகர் இதையெல்லாம் கவனிப்பாரா" என்று கேட்டேன். "கவனிக்க மாட்டார். ஆனா பத்துப் பக்கத்துல அலுத்துப்போய் மூடி வெச்சிடுவார்" என்றார். இந்த இரண்டு விதிகளும் நிரலாக எழுத மிகவும் எளிதானவை. வலைப்பக்க வடிவமைப்பு மொழியான சிஎஸ்எஸ்-இல் சொல் முறியும் இடத்தில் இணைப்புக்கோடு போடாமல் விடும் வசதியும் இருக்கிறது. மின்னூலும் உள்ளே ஏறக்குறைய வலைப்பக்கம்தான். தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்யவில்லை, அவ்வளவுதான்.

வரியிடைவெளியும் இதே மாதிரிதான். நம் எழுத்தில் கி, தீ போன்றவை மேலே சுழித்து ஏறும், ஞ, ழு, நு போன்றவை கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கென்று வைத்த இடைவெளியில் தமிழை ஊற்றினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டினால் பக்கத்தில் வரி குறையும், அடிக்கடி பக்கம் திருப்ப வேண்டும். இங்கேதான் எழுத்துரு வடிவமைப்பவரும் நீங்களும் ஒன்றாக உட்கார வேண்டும். மின்மைத் திரையில் மிக மெல்லிய கோடு சாம்பலாகத் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அச்சில் அழகாக இருக்கும் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும் எழுத்துரு இங்கே நோஞ்சானாகிவிடும். முத்து நெடுமாறன் போன்றவர்கள் கணினிக்கும் போனுக்கும் தமிழ் எழுத்துரு செய்து நமக்கு ஒரு தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மின்மைத் திரைக்கென்றே, நாவல் முழுக்கப் படிக்கும் அளவுக்கு யோசித்துச் செய்த தமிழ் எழுத்துருக்கள் இன்னும் நிறைய வர வேண்டும்.

செய்யுளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். குறளின் முதல் அடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று சீர். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே நான்காம் சீர் அடுத்த வரிக்கு வந்து விழுந்துவிடும், பார்வைக்கு மூன்றடிப் பாட்டாகத் தெரியும். விழுந்த சீரை வலப்பக்கம் தள்ளிக் காட்டினாலே போதும், அது முந்தைய அடியின் தொடர்ச்சி என்று கண் புரிந்துகொள்ளும். பெரும்பாலான மின்னூல்களில் இது இல்லை. உரைநூல்கள் இன்னும் சிக்கல். மேலே மூலம் பெரிய எழுத்தில், கீழே பதவுரை, அதற்குக் கீழே விளக்கம் என்று ஒரே பக்கத்தில் மூன்றையும் கண்ணால் தாவித் தாவிப் படித்துத்தான் நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். மின்னூலில் விளக்கத்துக்குப் போனால் பாட்டு கண்ணை விட்டுப் போய்விடுகிறது. பாட்டு மேலே அசையாமல் நிற்க, உரை மட்டும் கீழே பக்கம் பக்கமாகப் புரளும் ஒரு அமைப்பை யாராவது ஒழுங்காகச் செய்தால் சங்க இலக்கியம் படிக்கும் மாணவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். உங்கள் புராஜெக்டுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உள்ளே போடும் புத்தகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் வடிவமைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களை இலவசமாகத் தருகிறது. அது எழுத்தாகவே இருப்பதால் எந்தத் திரைக்கும் மடங்கிக்கொடுக்கும். கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பக்கப் படங்களாக, பி.டி.எஃப். ஆக இருக்கின்றன. படம் மடங்காது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் அளவிலான ஒரு பழைய புத்தகப் பக்கத்தை ஆறு அங்குலத் திரைக்குள் அடைத்தால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும், பதினொரு பாயின்ட் எழுத்து ஏழு பாயின்ட் ஆகிவிடும். பத்து அங்குலக் கருவியில் அதே பக்கம் முழு அளவில் நிற்கும். அதனால் யாராவது உங்களிடம் எந்த அளவு வாங்கலாம் என்று கேட்டால், என்ன படிக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

படத்தை எழுத்தாக்கும் மென்பொருள்கள் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. ஆனால் பழைய அச்சில் துணைக்காலும் 'ர'வும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் 'கால்' என்பது 'கரல்' ஆகிவிடும். தமிழ் எண் ஏழும் 'எ'வும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் சொல் கிடைக்காது. பதிப்பகங்களிடம் இருக்கும் கோப்புகளில் பெரும்பகுதி, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியீடுகளில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் செய்தவை. மாற்றும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறி அடுத்த எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். இது யாருக்கும் பெருமை தராத வேலை, ஆனால் இது முடியாமல் எந்தக் கருவியும் பயன்படாது. பிழைகளை வாசகரே படித்துக்கொண்டே விரலால் சுட்டிக்காட்ட ஒரு வசதி வைத்தால் புத்தகம் படிக்கப் படிக்கத் திருந்தும். இதுவும் வடிவமைப்பு வேலைதான்.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ள விஷயங்கள். 'காகிதத்தில் படித்தால்தான் மனதில் நிற்கும்' என்று சொல்வார்கள். இதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் பேச்சில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த உரைகளில் காகிதம் சற்று மேலே இருந்தது, நேரக் கட்டுப்பாடு வைத்தபோது வித்தியாசம் கூடியது. கதை மட்டும் படித்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதில் திரை என்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர் போன்றவை என்பதையும் நினைவில் வையுங்கள். மின்மைத் திரைக்கு நெருக்கமான ஆய்வு நார்வேயைச் சேர்ந்த ஆன் மேங்கன் குழுவினருடையது, 2019-இல் வந்தது. ஐம்பது பேரில் பாதிப் பேருக்கு ஒரு துப்பறியும் கதை புத்தகமாக, மீதிப் பேருக்கு கிண்டிலில். பெரும்பாலான அளவுகளில் இரு தரப்பும் சமம். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்ற வரிசையில் மட்டும் காகிதம் படித்தவர்கள் மேலாக இருந்தார்கள். ஐம்பது பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் வடிவமைப்பவருக்கு அது நல்ல குறிப்பு. புத்தகத்தில் இடது கையில் சேர்ந்த கனமும் வலது கையில் மிஞ்சிய கனமும் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கருவியில் 43 சதவீதம் என்ற எண்தான் இருக்கிறது. ஒரு பாத்திரம் முதலில் வந்தது எங்கே என்று புத்தகத்தில் 'இடப்பக்கம், கீழே, ஆரம்பத்தில் எங்கோ' என்று தேடிப் பிடிக்கிறோம். எழுத்தளவை மாற்றினால் பக்கமே மாறிவிடும் கருவியில் அந்த நினைவுக்குப் பிடி இல்லை. இதற்கு யாரும் முழுமையான விடை சொல்லவில்லை, நீங்கள் முயற்சி செய்யலாம்.

நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்று பயமுறுத்தி விற்பவர்களை நம்ப வேண்டாம். திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைச் சேதப்படுத்துவதற்கு ஆதாரம் இல்லை என்பதே அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியின் நிலைப்பாடு. தூக்கம் வேறு விஷயம். படுக்கும் முன் ஒளிரும் டேப்லெட்டில் மணிக்கணக்காகப் படித்தவர்களுக்குத் தூக்கம் தள்ளிப்போனதை ஒரு ஆய்வு காட்டியது, ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 12 பேர்தான். கண் எரிவதற்குப் பெரிய காரணம் நாம் திரையைப் பார்க்கும்போது இமைக்க மறப்பது.

வேகமாகப் படிக்க வைக்கிறோம் என்று வரும் தொழில்நுட்பங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லின் முன்பாதியைத் தடிப்பாக்கும் முறை 2022-இல் பரபரப்பாகப் பேசப்பட்டது. சோதித்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வந்தது, பலன் இல்லை என்றது. தமிழுக்கு அது இன்னும் குறைவாகவே பொருந்தும். யார், எப்போது, யாருக்கு என்பதையெல்லாம் நம் சொல்லின் பின்பாதிதான் சுமக்கிறது. ஒவ்வொரு சொல்லாக ஒரே இடத்தில் மின்னவைக்கும் முறையில் வாசகர் திரும்பிப் பார்க்க வழியில்லை. படிக்கும்போது கண் அடிக்கடி பின்னால் போய் வருகிறது, அந்தப் போக்குவரத்தைத் தடுத்தால் புரிதல் குறைகிறது என்பதை 2014-லேயே காட்டிவிட்டார்கள்.

வாசித்துக் காட்டும் தொழில்நுட்பத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு உண்மையான எதிர்பார்ப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் தமிழ்ப் பேச்சுத் தொழில்நுட்பத்தில் நீண்ட காலமாக வேலை நடக்கிறது. இயந்திரக் குரல் இப்போது கேட்கும்படி இருக்கிறது. அது இடறும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். தமிழ்ச் சொல்லில் 'ப' எங்கே அழுத்தமாக வரும், எங்கே மெலிந்து வரும் என்பதற்கு விதி உண்டு. கடன்சொல்லுக்கு அந்த விதி பொருந்தாது. பஸ் என்று எழுதியிருப்பதை எப்படி ஒலிப்பது என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பார்வையற்றோருக்கு இது வசதி சார்ந்த விஷயம் இல்லை, படிக்கும் உரிமை. பார்வையற்றோருக்குப் புத்தகங்களைத் திறந்துவிடும் மரக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் ஏற்ற நாடு இந்தியா. அப்படியிருந்தும் பக்கப் படமாக இருக்கும் தமிழ் பி.டி.எஃப்.பை, திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் திறந்தால் மௌனம்தான். கண் தெரிபவருக்கான பக்கத்தைச் சரிசெய்ய நீங்கள் செய்யும் அதே அடிப்படை வேலைதான், சரியான யூனிகோடும் சரியான தலைப்பு அடுக்கும், காதால் படிப்பவருக்கும் கதவைத் திறக்கிறது.

போனில் படிப்பதை இழிவாகப் பேச நான் தயாரில்லை. பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது போன்தான், இரண்டாவதாக ஒரு கருவி வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் நீங்கள் செய்யும் பக்க அமைப்பு போனிலும் ஓடும்படி வையுங்கள். கருவியின் உறையைப் புராஜெக்டில் ஒரு பகுதியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது மாதிரிக்கு மூன்று வகைப் பக்கம் எடுங்கள். நீண்ட சொற்கள் நிறைந்த ஒரு நாவல் பக்கம், உரையோடு கூடிய ஒரு செய்யுள் பக்கம், அட்டவணை உள்ள ஒரு பள்ளிப் பாடப் பக்கம். மூன்றையும் சிறிய எழுத்திலும் மிகப் பெரிய எழுத்திலும் அமைத்துப் பாருங்கள், பெரிய எழுத்தில்தான் கோளாறுகள் வெளியே வரும். அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்திலும் அனுமதி கேட்டுக்கொண்டு, நாள்தவறாமல் வந்து படிக்கும் பெரியவர்களிடம் கொடுங்கள். பிரெய்ல் பகுதிக்கும் போங்கள். 'பிடித்திருக்கிறதா ஐயா' என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லோரும் பிடித்திருக்கிறது என்பார்கள். படிக்கவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரியில் விரல் வைத்துப் பின்னால் போகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவராவது உங்கள் ஆலோசகராக இருக்கட்டும். திருவல்லிக்கேணிப் பக்கம் விசாரித்தால் இன்னும் சிலர் கிடைப்பார்கள். சீக்கிரம் போய்ப் பாருங்கள், அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. மாதிரிப் பக்கங்கள் தயாரானதும் இங்கேயே போடுங்கள். வரி முறிவு விதிகளை நிரலாக எழுதுவதில் சந்தேகம் வந்தால் என்னால் முடிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.